நெல் மூட்டை அறையிலிருந்து

மன்னார்குடி,
மாசி, ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்திக்கு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது. இவருக்கு முட்டிவலி பரவாயில்லை. குடை சார் ஓய்வு பெற்றுவிட்டார், தெரியுமா? கடைசி நாளும் குடையை மறந்துவிட்டுத்தான் போனாராம்!

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய வாங்க வேண்டிய பொருள்கள் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரியத்தை பாடுகிறாள். நான் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.

விடுதிக்கு டின் நிறையப் பொருவிளங்காய் உருண்டை கொடுத்தனுப்புவாளே, அதே அத்தைதான். 78 வயது முடிந்துவிட்டது. புரட்டாசியில் நடவு நடந்தபோது வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நடுகிறவர்கள் கைப்பேசியில் சினிமாப் பாட்டு ஓடவிட்டிருந்தார்கள். அது நின்ற ஒரு நொடியில் இவள் தன்பாட்டுக்கு ஒரு நடவுப் பாட்டை எடுத்தாள். சேற்றில் நின்ற ஒரு கிழவி நிமிராமலே குலவை போட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவசரமாகக் கைப்பேசியில் பிடித்தேன். இரவு போட்டுக் கேட்டால் காற்று மட்டும்தான் கேட்கிறது.

மறுவாரமே மைக் வாங்கக் கிளம்பிவிட்டேன். கடைக்காரர், வீட்டில் பாட இதுதான் சரி என்று 4,000 ரூபாய்க்கு மெல்லிய ஓசையையும் பிடிக்கிற ஒரு கண்டன்சர் மைக் கொடுத்தார். லேப்டாப்போடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக் செருகுகிற மாதிரி, பழசாக 3,500க்குக் கிடைத்தது. கண்டன்சருக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தை அதுவே கேபிள் வழியாக அனுப்பிவிடும். கூடத்தில் அத்தையை உட்காரவைத்துப் பதிவு செய்தேன். ஹெட்போனில் என்னவெல்லாம் கேட்டது தெரியுமா? ஃபேன், பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் கீரைக்காரி. அத்தை குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மைக்தான் மட்டம் என்று கடைக்காரரை மனசுக்குள் வைதுகொண்டே தம்பியிடமிருந்து ஷ்யூர் எஸ்எம்58 வாங்கிவந்தேன். 1966இல் வந்த மாடலை இன்றைக்கும் மேடையில் பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள் என்றால் சும்மாவா? அது டைனமிக் மைக். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள் அசைந்துதான் ஒலி மின்சாரமாக மாற வேண்டும். தூரத்துச் சத்தம் அவ்வளவாக அதில் ஏறவில்லை, உண்மை. ஆனால் அத்தையின் மெல்லிய குரலுக்கு கெய்னை, அதாவது ஒலியைப் பெருக்குகிற திருகை, முழுக்கத் திருக வேண்டியிருந்தது. திருகினால் இன்டர்ஃபேஸ் உஸ்ஸென்று இரைகிறது.

இங்கேதான், வசந்தி, நீ அனுப்பிய 40,000 ரூபாய்ப் பட்டியல் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் நல்ல பொருள்தான், ஆனால் உன் கூடம்? மார்பிள் தரை, கண்ணாடிக் கதவு, ஸ்பூன் விழுந்தால் கோயில் மணி! அந்த அறையில் எந்த மைக்கை வைத்தாலும் பாதி மார்பிள்தான் பாடும். பட்டியலை மடித்து வைத்துவிட்டு, நடுக்கூடத்தில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார். கிர்ரென்று ஓசை சுவருக்குச் சுவர் ஓடும். முதலில் அதை நிறுத்தணும்டி.

நான் முதலில் பவானி ஜமுக்காளம் இரண்டைத் தொங்கவிட்டேன். சலசலப்பு அடங்கியது, ஆனால் குரல் பானைக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. மெல்லிய துணி மேல் ஸ்தாயி ஓசையை மட்டும்தான் குடிக்கிறது, கீழே இருப்பதெல்லாம் அப்படியே நிற்கிறது. அதற்குக் கனமான பொருள் வேண்டும்.

தையில் சம்பா அறுப்பு முடிந்து, அத்தை வீட்டுப் பின்கட்டு அறையில் மூன்று பக்கமும் நெல் மூட்டை அடுக்கினார்கள். அரிசிக்கு நெல் எடுக்கப் போனவள் உள்ளே நின்று கை தட்டினேன். தட்டிய ஓசை தட்டிய இடத்திலேயே விழுந்தது! அன்றைக்கே மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எந்த மைக் தெரியுமா? வைதேனே, அந்தக் கண்டன்சரைத்தான். பாவம், அது கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறது.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்த்து வைக்கிறேன். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் ஏறும், அறையின் ஓசை ஏறாது. காசில்லாமல் கிடைக்கிற லாபம் இது. லேப்டாப்பைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, மைக்குக்கென்றே இருக்கிற எக்ஸ்எல்ஆர் கேபிளை 10 மீட்டருக்கு இழுத்துவிட்டேன். யூஎஸ்பி ஒயர் 5 மீட்டருக்கு மேல் நம்பிக்கையில்லை, இது அவ்வளவு தூரமும் இரைச்சல் இல்லாமல் வருகிறது. சார்ஜரையும் பிடுங்கிவிடுவேன், இல்லாவிட்டால் கும்மென்று ஒரு ரீங்காரம். மின்வெட்டு வந்தால் எனக்குத் தீபாவளி: மோட்டார், ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடும். 24 பிட்டில் எடுக்கிறேன், ஒலி அளவைக் காட்டுகிற முள்ளை மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்ட விடுவதில்லை. பதிவு செய்கிற மென்பொருள் ஆடாசிட்டி இலவசம், இதற்கு அதுவே போதும்.

தாளம் தட்டுகிற மெட்ரோனோம் வேண்டாம் என்று ஒரே நாளில் விட்டுவிட்டேன். ஹெட்போனை மாட்டிவிட்டு டிக் டிக் ஓடவிட்டதும் அத்தை பாட்டை நிறுத்திவிட்டாள். “கை போற வேகத்துக்குத்தாண்டி பாட்டு” என்றாள். பிறகு கண்ணை மூடி, நாற்று முடியைப் பிரிக்கிற மாதிரி விரலை அசைத்துக்கொண்டே பாடினாள். அந்த விரல் சேலையில் உரசுகிற ஓசைகூடப் பதிவில் இருக்கிறது. நான் அதை நீக்கவில்லை.

இதுவரை 14 பாட்டு. 40க்கு மேல் இருக்கிறது என்கிறாள். ஆனால் போன வியாழக்கிழமை ஒரு பாட்டின் நடுவில் நின்றுவிட்டாள். மூன்றாவது அடி வரவில்லை. வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பதிவை நிறுத்தவும் இல்லை, பேசவும் இல்லை. எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை, வசந்தி.

இன்னொன்று. ஒவ்வொரு அடி முடிந்ததும் அவள் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறாள். முதலில் மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். அது மற்ற பெண்கள் திருப்பிப் பாடுகிற இடமாம். 14 பாட்டிலும் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. எனக்குத்தான் சுருதியில் நிற்காதே. உனக்கு ஒரு தரம் கேட்டால் போதும், பிடித்துக்கொள்வாய். இன்டர்ஃபேஸில் இரண்டாவது துளை காலியாகத்தான் இருக்கிறது. உன் கணீர்க் குரலுக்கு எஸ்எம்58தான் பொருத்தம், அத்தைக்கு முதுகைக் காட்டி வைத்தால் அவள் குரல் அதில் அதிகம் கலக்காது.

அடுத்த வாரக் கடைசியில் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றப்போகிறார்கள். பத்து நாள் தள்ளிப்போடச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சியிருக்கிறேன், ஐந்து நாள் தந்திருக்கிறார். சனிக்கிழமை காலை பஸ் ஏறிவிடு. பட்டுப்புடவை வேண்டாம், சரசரக்கும். வளையலையும் கழற்றி வைத்துவிட்டு வா.

உன்,
மல்லிகா