கறுத்த சேறெல்லாம் சாக்கடைச் சேறு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலோரச் சேறு கறுத்து நாறுகிறது, கரிமப் பொருளும் (உயிர்களிலிருந்து வந்த மக்கும் பொருள்) அதிகம், ஆகவே சாக்கடை கலந்துவிட்டது என்று உங்கள் நாளிதழில் படித்தேன். வண்டல் மண்ணைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருஷம் உலையோடு மல்லுக்கட்டியவன் நான். அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

கறுப்புக்குக் காரணம் இரும்பு சல்பைடு. காற்றுப் புகாத சேற்றில் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு இலைதழையை மக்கச் செய்யும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. ஆள் நடமாட்டமே இல்லாத அலையாத்திக் காட்டிலும் சேறு இப்படித்தான் இருக்கும். ஒரு பிடி அள்ளி வெளியே வையுங்கள், காற்றுப்பட்ட மேல்பக்கம் மெல்லப் பழுப்பாகிவிடும்.

அளவிலும் வழுக்கல் உண்டு. காயவைத்த மண்ணை 550 டிகிரி செல்சியஸில் எரித்து, குறைந்த எடையைக் கரிமப் பொருள் என்று எழுதுவது வழக்கம். களிமண் தனக்குள் பிடித்துவைத்திருக்கும் நீரும் அந்தச் சூட்டில் கொஞ்சம் போய்விடும். கருவியில் கார்பனை நேரடியாக அளந்தால் கிளிஞ்சல் தூள் குழப்பும்; அதன் சுண்ணாம்பிலும் கார்பன் உண்டு, முதலில் அமிலம் விட்டு அதைக் கரைத்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவசரத்தில், அமிலம் விடாமலேயே ஒரு தொகுதி மாதிரிகளை ஓட்டிவிட்டேன். வெறும் மணலில் கார்பன் எகிறி நின்றது. அப்புறம் மிச்சமிருந்த மணலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டேன். சோடா மாதிரி பொங்கியது. அத்தனையும் சுண்ணாம்பில் இருந்த கார்பன்! அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, அளவு ஒழுங்காகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து வந்த கரிமப் பொருள் அது? கார்பன்–நைட்ரஜன் விகிதம் கடலின் நுண்பாசிக்கு 4 முதல் 10 வரை இருக்கும். நிலத்துச் செடிகொடிகளுக்குப் பொதுவாக 20-ஐத் தாண்டும். கார்பன் ஐசோடோப்பும் (எடையில் வேறுபடும் கார்பன் அணு வகைகளின் அளவு) துப்புக் கொடுக்கும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் தென்பட்டால் மரமும் இலையும் வந்து சேர்ந்திருக்கின்றன, நுண்பாசியில் அது கிடையாது. மனித மலத்துக்கோ கோப்ரோஸ்டனால் என்ற அடையாளப் பொருளே இருக்கிறது. சாக்கடை என்று எழுதுமுன் அதைத் தேடியிருக்க வேண்டாமா?

சாக்கடை கலக்கவே இல்லை என்று நான் வாதாடவில்லை. கலந்தும் இருக்கலாம். அடுத்த முறை இப்படி ஓர் அறிக்கை கைக்கு வந்தால், அமிலம் விட்டார்களா, கோப்ரோஸ்டனால் பார்த்தார்களா என்று இரண்டே கேள்வி கேட்கும்படி உங்கள் நிருபரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்