என்கோடஸ் மத்தி இனம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வட அமெரிக்காவை ஒருகாலத்தில் இரண்டாகப் பிரித்துக் கிடந்த கடலையும் அதன் மீன் புதைபடிவங்களையும் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். காசிமேட்டில் நாற்பது வருஷம் கூடை வைத்து மீன் விற்றவர். அதில் 'என்கோடஸ்' என்ற அழிந்துபோன மீனின் படத்துக்குக் கீழே 'வாள்பல் மத்தி' என்று போட்டிருந்தீர்கள். "மத்திக்கு ஏதுடி இவ்ளோ பல்லு? தண்ணிப்பன்னா மாதிரி இல்ல இருக்கு!" என்றார்.

அம்மா சொன்னதுதான் சரி. ஆங்கிலப் பட்டப்பெயரை அப்படியே தமிழாக்கியதால் வந்த பிழை இது. ஆய்வாளர்கள் என்கோடஸைத் தண்ணிப்பன்னா, வங்கராவாசி இருக்கும் உறவுக் கூட்டத்தில்தான் வைக்கிறார்கள். ஏலம் முடிந்து கூடைக்கு வந்த தண்ணிப்பன்னாவின் வாயைத் திறந்து பாருங்கள். ஊசி ஊசியாகப் பல், நாக்கின் மேலும் பல். உள்ளே போகும் இரைக்கு மடங்கி வழிவிடும், திரும்பி வர விடாது. என்கோடஸுக்கு அண்ணத்தின் முன்பக்கம் நீண்ட கோரைப்பற்களும் உண்டு.

அதே கட்டுரையில் ஸைஃபாக்டினஸ் என்ற இன்னொரு பழங்கால மீனை 'முள்ளுவாளையின் மூதாதை' என்று எழுதியதும் பழைய கருத்து. வாயையும் பல்லையும் பார்த்து ஆய்வாளர்களே முன்பு அப்படித்தான் நினைத்தார்கள். அது வாரிசில்லாமல் அழிந்துபோன தனிக்குலம் என்பது பிறகு தெரிந்தது. முள்ளுவாளை மத்திக்குத்தான் பங்காளி. (இதை மட்டும் அம்மா இன்னும் நம்பவில்லை.) 1952-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சுண்ணப்பாறையில் புதைபடிவ சேகரிப்பாளர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் எடுத்த ஸைஃபாக்டினஸ் சுமார் 4 மீட்டர் நீளம். அதன் வயிற்றில் 1.8 மீட்டர் நீளமுள்ள இன்னொரு மீன் முழுசாகக் கிடக்கிறது. விழுங்கியது செரிப்பதற்குள் செத்திருக்கிறது. அந்தப் படத்தைப் போட்டிருந்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருப்பார்கள்.

'கதிர்த்துடுப்பு மீன்' என்று ஆறேழு இடத்தில் வருகிறது, விளக்கம் ஓரிடத்திலும் இல்லை. சங்கராவின் துடுப்பை விரித்துப் பிடித்தால் விசிறிக் குச்சி போல வரிசையாகத் தெரிகிறதே, அதுதான் கதிர். சுறா, திருக்கையை விட்டால் எங்கள் துறைமுகத்தில் இறங்கும் மீனெல்லாம் இந்தக் கூட்டம்தான். எட்டுக் கோடி வருஷத்துக்கு முந்தைய மீனின் உறவுக்காரன் நம் குழம்புச் சட்டியில் கிடக்கும்போது, பிள்ளைகளுக்கு அதை நம்மூர்ப் பெயரில் சொல்ல வேண்டாமா?

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். என்கோடஸ் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் தண்ணிப்பன்னாவின் வாயையும் படமாகப் போடுங்கள். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் புகைப்படக்காரரை விடிகாலையில் அனுப்பினால், நல்ல மீனாகப் பார்த்து அம்மாவே எடுத்து வைப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காசிமேடு, சென்னை.