நைனாவுக்கும் அம்மாவுக்கும், செண்டாயிலேருந்து

நைனா, அம்மா, நான் நல்லா இருக்கேன். போன்ல பேசுனா அம்மா அழுவுறதுதான் பாதி நேரம் காதுல வுழுது, அதான் நிதானமா எழுதி தம்பிக்கு வாட்ஸ்அப்புல அனுப்புறேன், அவன் படிச்சு காட்டட்டும். டிவில ஜப்பான்ல பூகம்பம்னு ஓடுனாலே பொட்டிய கட்டிக்கினு வந்துடுன்றீங்க. இங்க தரை ஆடுறது நெசம்தான். ஆனா ஏன் ஆடுதுன்னு தெரிஞ்சிக்கினா பயம் கொறையும், எனக்கு அப்டித்தான் கொறைஞ்சுது.

போன வாரம் நைட் டூட்டி. நான் வேல பாக்குற முதியோர் ஹோம்ல ஒரு பாட்டிக்கு பேம்பர்ஸ் மாத்திக்கினு இருக்கேன், எல்லார் போனும் ஒரே நேரத்துல கத்துச்சு. சூப்பர்வைசரக்கா ஓடிப்போயி மொதல்ல ரூம் கதவ தொறந்து வுட்டாங்க, ஏன்னா ஆடுறப்ப கதவு ஃப்ரேம் கோணிக்கிச்சுன்னா அப்பறம் தொறக்காது. நான் கட்டில் சக்கரத்த லாக் பண்ணிட்டு பாட்டி தலைக்கு மேல தலையணைய புடிச்சேன். அதுக்கு அப்பறம்தான் ஆட ஆரம்பிச்சுது. பீரோ எல்லாம் செவுத்தோட சேத்து அடிச்சிருக்கு, ஒண்ணும் வுழல, பாட்டி என் கைய தட்டிக் குடுத்துட்டு தூங்கிட்டாங்க.

போனு முன்னாடியே எப்டி கத்துதுன்னா, பூகம்பத்துலேருந்து மொதல்ல ஒரு அலை லேசா, வேகமா வருது, பெருசா ஆட்டுற அலை பின்னாடி மெதுவா வருது. கடலடியிலயும் தரையிலயும் வெச்சிருக்குற மெஷினுங்க முதல் அலைய புடிச்சு ஒடனே தகவல் அனுப்பிடும். சில செகண்டுதான் கெடைக்கும், அதுலயே கதவ தொறந்துடலாம்.

இதே அலைங்கள வெச்சுதான் பூமிக்குள்ள இன்னா இருக்குன்னே கண்டுபுடிச்சாங்களாம். ரஷ்யாவுல வருஷக்கணக்கா தோண்டியும் 12 கிலோமீட்டர் சொச்சம்தான் போக முடிஞ்சுது, மையம் இருக்குறதோ 6,371 கிலோமீட்டர்ல. நம்ம நாட்டு ஜியாலஜிகல் சர்வேல வேல பாத்த ஓல்டாம்ன்ற வெள்ளக்காரரு, 1897 அஸ்ஸாம் பூகம்பத்த ஆராய்ச்சி பண்ணி இந்த அலைங்கள தனித்தனியா பிரிச்சு காட்டுனாரு, அப்பறம் 1906ல உள்ள தனியா ஒரு கரு இருக்குன்னு சொன்னாரு. அந்த கருவுக்குள்ளயும் இன்னொண்ணு இருக்குன்னு 1936ல சொன்னது இன்கே லேமன்னு ஒரு டென்மார்க்கு அம்மா. நம்ம காலுக்கு கீழ பூமியோட மேல் ஓடு 35, 40 கிலோமீட்டர்தான், கடலுக்கடியில இன்னும் மெலிசு. அதுக்கு கீழ 2,900 கிலோமீட்டர் வரைக்கும் பாறை, கெட்டிதான், ஆனா அந்த சூட்டுல ரொம்ப மெதுவா நகருது. அதுக்கும் கீழ உருகுன இரும்பு, நடுவுல கெட்டி இரும்பு உருண்டை, 5,000 டிகிரிக்கு மேல சூடு இருந்தும் அமுக்கத்துல உருகாம கெடக்குது. நெனச்சு பாத்தா எனக்கு மெய்சிலுக்குது நைனா.

மேல் ஓடு ஒரே துண்டா இல்ல, அடியில இருக்குற கொஞ்சம் பாறையோட சேத்து பெரிய பெரிய தட்டா பிரிஞ்சு கெடக்குது. நம்ம ராயபுரம் உக்காந்திருக்குற இந்திய தட்டே வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் வாக்குல வடகிழக்கால போவுது, அது முட்டித்தான் இமயமலை எழும்புச்சு. இங்க பசிபிக் தட்டு வருஷத்துக்கு 8, 9 சென்டிமீட்டர் ஜப்பானுக்கு அடியில எறங்குது. பழைய கடல்தரை குளுந்து கனமாயி தானா முங்குது, முங்குறப்ப பின்னாடி இருக்குறதையும் இழுக்குது. ஆனா ரெண்டு தட்டும் உரசுற எடத்துல மாட்டிக்கும். நங்கூரம் பாறையில மாட்டிக்கினா இஞ்சின் இழுக்க இழுக்க கயிறு விறைக்கும்ல, திடீர்னு வுடுபட்டா போட்டே எகிறும்ல, அதேதான். 2011 மார்ச் 11 மத்தியானம் 2:46க்கு இங்க அப்டி வுடுபட்டுச்சு, தட்டு அடியில எறங்குற ஆழமான கடல் பள்ளம் பக்கம் கடலடி 50 மீட்டர் வரைக்கும் நகந்துச்சாம். ஓஷிகான்ற எடத்துல தரை 5 மீட்டருக்கு மேல கிழக்கால போயி, 1 மீட்டருக்கு மேல எறங்கியும் போச்சு.

2004 டிசம்பர் 26 சுனாமியும் இதேதான் நைனா. நம்ம தட்டு அந்தமான் சுமத்ரா பக்கம் அடியில போற எடத்துல, 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு வுடுபட்டுச்சு. அப்ப நம்ம ஊர்ல காலையில 6:29. காசிமேட்டுக்கு தண்ணி வந்தது 9 மணி வாக்குல. ரெண்டரை மணி நேரம் இருந்துச்சு, ஒருத்தரும் நம்மகிட்ட சொல்லல. நம்ம போட்டு போச்சு, எதிர் வூட்டு அத்தையும் போயிட்டாங்க. அத நெனச்சா எனக்கு இப்பவும் ஆத்திரம் ஆத்திரமா வருது.

இங்க அராஹமான்னு கடலோரத்துல ஒரு ஸ்கூலு, நாலு மாடி. 2011 சுனாமில சுமார் 320 பேரு மொட்டமாடிக்கு ஏறி பொழைச்சாங்க, தண்ணி ரெண்டாவது மாடி வரைக்கும் வந்துச்சு. அத இடிக்காம ஜனங்க பாக்குறதுக்கு வெச்சிருக்காங்க, போயி பாத்தேன். நம்ம காசிமேடு, திருவொற்றியூர் பசங்களுக்கு எந்த மாடிக்கு ஓடணும்னு யாராவது காட்டி வெச்சிருக்காங்களா? தம்பி, நம்ம தெரு பசங்கள கூட்டிக்கினு போயி நீயே காட்டுடா. ஐதராபாத்துல 2007லேருந்து சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கு, அங்கேருந்து தகவல் வந்தாலோ, கடல் உள்வாங்குனாலோ, வேடிக்கை பாக்காம ஏறிடணும். ஒரு அலை போச்சுன்னு எறங்கி வரக்கூடாது, பின்னாடி வர்றது இன்னும் பெருசா இருக்கலாம்.

நைனா, நீ கடல்ல இருக்குறப்ப தகவல் வந்துச்சுன்னா எங்கள நெனச்சிக்கினு கரைக்கு ஓடியாராத. ஆழத்துக்கே போயிடு, அங்க அந்த அலை வர்றதே தெரியாது, துறைமுக வாயிலதான் போட்ட பொரட்டும். அம்மாவ தம்பி பாத்துப்பான். இந்த மாச பணம் 5ஆம் தேதி ஏறிடும், ரேடியோவுக்கு புது பேட்டரி மாத்திடு.

உன் பொண்ணு