மெதுவாக ஓடத் தெரிகிறதா உனக்கு?

அன்புள்ள மகனுக்கு,

நேற்று நீ ஃபோனில் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு வாரமாக ஓடுகிறாய். தினமும் ஐந்து கிலோமீட்டர், மூச்சு முட்டும் வரை. முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பில் வலி. எடை 92 கிலோவில் இருந்து 93 ஆகியிருக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "இன்னும் வேகமாக ஓட வேண்டுமோ அம்மா?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொன்னால் பாதியில் குறுக்கிடுவாய். காலமெல்லாம் பிசியோதெரபி பார்த்தவளுக்கு ஓய்வு பெற்ற பிறகும் ஒரு நோயாளி கிடைத்துவிட்டான் என்று உன் அப்பா கேலி செய்கிறார். செய்யட்டும்.

முதலில் அந்த ஒரு கிலோ. அது கொழுப்பு இல்லை. பழக்கமில்லாத தசையை வேலை வாங்கினால் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவு உண்டாகும். அதைச் சரிசெய்ய உடல் அங்கே நீரைக் கொண்டுவந்து சேர்க்கும். ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்க முடியாமல் தொடை வலிப்பது இதனால்தான். அதோடு, அடுத்த ஓட்டத்துக்கு வேண்டுமே என்று தசைகள் கிளைக்கோஜனை, அதாவது உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையை, கூடுதலாகச் சேர்த்து வைக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் ஒட்டிக்கொண்டு வரும். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் முதல் இரண்டு வாரத்துக்குள் கூடும். எல்லாமே உடல் ஓட்டத்துக்குத் தயாராகிறது என்பதற்கான அடையாளங்கள். எடை இயந்திரத்துக்கு இதெல்லாம் தெரியாது, அது மொத்தத்தைத்தான் காட்டும். தினமும் அதன்மேல் ஏறி நின்று மனம் நொந்துகொள்ளாதே. வாரம் ஒரு முறை, காலையில், வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே ஒரு நாடாவைச் சுற்றி இடுப்பளவையும் குறித்து வை. பல நேரங்களில் எடைக்கு முன்னால் அது குறையும்.

அடுத்தது கணக்கு. உனக்குக் கணக்கு பிடிக்கும், பார். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல உடலுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 92 கிலோ உடலுடன் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் சுமார் 460 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. அதாவது, சாப்பாட்டில் எதுவும் மாறாவிட்டால், ஒரு கிலோ குறைய நீ பதினேழு தடவை அந்த ஐந்து கிலோமீட்டரை ஓட வேண்டும். ஓடி முடித்து அரை லிட்டர் இனிப்புக் குளிர்பானம் குடித்தால் அதில் ஏறக்குறைய 200 கலோரி திரும்ப உள்ளே போய்விடும். ஓடிய களைப்பில் மீதி நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தால் ஓடிச் சம்பாதித்ததில் இன்னும் கொஞ்சம் வீணாகும். வேர்க்க வேர்க்க ஓடியும் எடை குறையவில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கணக்கில் இந்த இரண்டும் விடுபட்டிருக்கும்.

இதில் இன்னொன்றையும் கவனி. கலோரிச் செலவு உன் எடையையும் நீ கடந்த தூரத்தையும் பொறுத்தது. வேகத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு. அதே ஐந்து கிலோமீட்டரை இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல ஓடினாலும் செலவு கிட்டத்தட்ட அதே அளவுதான். அப்படியிருக்க, மூச்சு முட்ட ஓடி நீ சம்பாதித்தது என்ன? எலும்பு வலி ஒன்றுதான்.

எடையைக் குறைக்கும் பெரிய வேலை தட்டில்தான் நடக்கிறது. அதைப் பற்றி உன் மனைவி என்னைவிட நன்றாகச் சொல்வாள், நான் தலையிடவில்லை. பிறகு எதற்கு ஓட வேண்டும் என்று கேட்பாய். குறைத்த எடை திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பதில் உடற்பயிற்சிக்கு இருக்கும் பங்கு மிகப் பெரிது. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 13.6 கிலோவுக்குக் குறையாமல் இளைத்து, ஓராண்டாவது அதை ஏறவிடாமல் காத்தவர்கள்தான் அதில் சேர முடியும். அவர்களில் பெரும்பாலோர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் ஏதாவது உடல் உழைப்பில் ஈடுபடுகிறவர்கள். அதில் மிகுதியும் வெறும் நடைதான். இன்னொரு காரணம், வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிப் படியும் கொழுப்பு. எடை இயந்திரம் அசையாமல் நிற்கும்போதும் பயிற்சியால் அது கரையும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வருவதில் அதற்கு நிறையத் தொடர்பு உண்டு. நம் குடும்பத்துக்கு அதுதான் முக்கியம்.

இப்போது உன் கால் வலிக்கு வருகிறேன். இதைப் பொறுமையாகப் படி.

ஓடத் தொடங்கினால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைகள் அதற்குச் சற்றுப் பின்னால் வரும். எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் மாதக்கணக்கில் நேரம் கேட்கும். எலும்பு தன்னை வலுவாக்கிக்கொள்ளும் முறையே அப்படி. முதலில் பழையதை அரித்தெடுக்கும், பிறகுதான் புதியதைக் கட்டும். அரிப்பது சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டுவதற்குச் சில மாதம் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிடச் சற்று நலிந்திருக்கும். உனக்கோ அந்த நேரத்தில்தான் மூச்சு வாங்குவது குறைந்து, "அட, ஓட வருகிறதே" என்று உற்சாகம் பிறக்கும். பழைய வண்டியில் இளங்காளையைப் பூட்டியது போல. ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. உன் எடைக்கு அது ஏறத்தாழ 185 முதல் 280 கிலோ வரை. நடக்கும்போது உடல் எடையைவிடச் சற்றுத்தான் அதிகம். என்னிடம் வந்த புது ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் முதல் மாதமோ இரண்டாம் மாதமோ வந்தவர்கள். சோம்பேறிகள் யாரும் வரவில்லை. எல்லாரும் உன்னைப் போல ஆர்வக்கோளாறு.

வலிக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பார். எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் குறைந்து, பிறகு மீண்டும் தலைகாட்டினால் அது அளவுக்கு மீறிய உழைப்பால் வரும் சாதாரண வலி. ஒன்றிரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி நடையோடு இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரே புள்ளியில், ஒரு விரல் நுனி அளவு இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, படுக்கையில் கிடக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அப்போது ஒரு நாள்கூட ஓடாதே, எலும்பு மருத்துவரிடம் போ. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது என்ற யோசனை உனக்கு வரும். உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம்.

வலி தீர்ந்தபிறகு இப்படித் தொடங்கு. வாரத்தில் மூன்று நாள் மட்டும், அடுத்தடுத்த நாட்களில் ஓடாமல் நடுவே ஒரு நாள் விட்டு. ஐந்து நிமிடம் வேகநடை. பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இதை எட்டு முறை மாற்றி மாற்றிச் செய்தால் இருபது நிமிடம். கடைசியில் ஐந்து நிமிடம் நடந்து முடி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் தொகுத்த ஒன்பது வாரத் திட்டத்தை ஒட்டியது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையும் பின்னர் இதே முறையை எடுத்துக்கொண்டு லட்சக்கணக்கானவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. வாரம் ஏற ஏற ஓடும் நேரம் கூடி, நடை குறைந்து, ஒன்பதாம் வாரம் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவார்கள். உன் எடைக்கு அது பதினைந்து வாரம் ஆகலாம். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய். நடுவில் நடப்பதை அவமானமாக நினைக்காதே. எலும்புக்கு ஓய்வு தருவது அந்த நடைதான்.

வேகம் எவ்வளவு? ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பக்கத்தில் யாரோ நடந்து உன்னைத் தாண்டிப் போனால்கூடப் பரவாயில்லை. அடிகளைக் குறுகலாக, சற்று அடிக்கடி வை. நீளமாக எட்டி வைத்தால் கால் உடலுக்கு வெகு முன்னால் போய் ஊன்றும், அந்த அதிர்ச்சி நேராக முழங்காலுக்குப் போகும். கைக்கடிகாரம் "கொழுப்பு எரியும் மண்டலம்" என்று ஏதோ காட்டுகிறதாமே, அதை மறந்துவிடு. மெதுவாக ஓடும்போது கொழுப்பில் இருந்து எடுக்கும் பங்கு சற்று அதிகம் என்பது உண்மை, ஆனால் எடைக் கணக்கில் மொத்தச் செலவுதான் நிற்கும். வயிற்றில் சுற்றிக்கொள்ளும் வியர்வைப் பட்டையும் வாங்கியிருக்கிறாய் என்று மருமகள் சொன்னாள். அதில் போவது வெறும் நீர், ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். வயிற்றை மட்டும் தனியாகக் கரைக்கும் கருவி எதுவும் கிடையாது. தூக்கி எறி.

மெதுவாக ஓடுவது கிழவர்கள் வேலை என்றாய். பில் பௌவர்மேன் என்று ஓர் அமெரிக்கப் பயிற்சியாளர் இருந்தார், பின்னாளில் நைக்கி நிறுவனத்தை இணைந்து தொடங்கியவர். ஐம்பதைத் தாண்டிய வயதில், 1962இல், நியூசிலாந்துக்குப் போனார். அங்கே ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், இதய நோயாளிகள் உட்படப் பொதுமக்களைப் பேசிக்கொண்டே மெல்ல ஓட வைத்துக்கொண்டிருந்தார். பௌவர்மேனும் கூடவே ஓடினார். சிறிது தூரத்திலேயே மூச்சு வாங்கிப் பின்தங்கிவிட்டார். அவரோடு துணைக்கு நின்று ஓடியவர் எழுபதைத் தாண்டியவர், முன்பே மாரடைப்பு வந்து பிழைத்தவர். ஊர் திரும்பிய பௌவர்மேன்தான் அமெரிக்கச் சாதாரண மக்களிடம் மெல்லோட்டத்தைப் பரப்பினார். கிழவர்கள் வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஓடாத நாட்களில் இரண்டு நாள் தசைப் பயிற்சி செய். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. மூன்று போதும், ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும், இது அதைத் தடுக்கும். குதிகால் பயிற்சியை விட்டுவிடாதே, உன் கெண்டைக்கால் தசை பலமாக இருந்தால் முன்னெலும்பு தப்பிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும். மூன்று ஓட்டத்தோடு மற்ற நாட்களில் அரை மணி நடையைச் சேர்த்தால் நீ அதை எட்டிவிடுவாய்.

ஷூ பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. போட்டதும் வசதியாக இருக்க வேண்டும், விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விலை கூடினால் முழங்கால் பிழைக்கும் என்பதெல்லாம் விற்பவர்கள் பேச்சு.

கடைசியாக, நீ தவிர்க்கப் பார்க்கும் விஷயம். அப்பாவுக்கு ஐம்பத்து நான்கு வயதில் ஸ்டென்ட் வைத்தது உனக்கு நினைவிருக்கும். ஜிம் ஃபிக்ஸ் என்பவர் முப்பத்தைந்து வயது வாக்கில் புகையை விட்டு, ஓடத் தொடங்கி, இளைத்து, 1970களில் லட்சக்கணக்கான அமெரிக்கர்களை ஓட வைத்தவர். 1984இல், 52 வயதில், ஓடப்போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய தந்தை 43 வயதில் இதய நோயால் இறந்தவர். ஓட்டம் அவரைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன், அவர் கூடுதலாக வாழ்ந்த ஆண்டுகளே ஓட்டம் கொடுத்ததாக இருக்கலாம். ஆனால் இரத்தக் குழாயில் இருந்த அடைப்பை ஓட்டம் அவருக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள். அப்பாவின் கதையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல். இ.சி.ஜி. வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ இறங்கும் வலி, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி உதவிக்கு ஆளைக் கூப்பிடு.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் படம் எடுத்து அனுப்பு. விரலால் அழுத்திப் பார்த்ததில் வலி ஒரு புள்ளியிலா, பரவலாகவா என்பதை இன்றே எழுது.

அன்புடன்,
அம்மா