அவினாசிலிங்கத்தை ஏன் விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாடாளுமன்றத்துக்குப் போன கல்வியாளர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். காந்திகிராமம் ஜி. ராமச்சந்திரனும் மால்கம் ஆதிசேசய்யாவும் அதில் இருக்கிறார்கள், இருக்க வேண்டியவர்கள்தான். ஆனால் இருவருமே மாநிலங்களவைக்கு நியமனம் ஆனவர்கள். அதை வைத்துக்கொண்டு, படிப்பாளிகளை அவைக்கு அழைப்பதே ஒரு அலங்காரம்தான் என்று முடித்துவிட்டீர்கள். ஓட்டு கேட்டு ஜெயித்து தில்லிக்கு வந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரை எப்படி விட்டீர்கள் என்றுதான் புரியவில்லை.

திருப்பூரில் 1903இல் பிறந்தவர், வசதியான குடும்பம், சட்டம் படித்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1930இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார், பெரியநாயக்கன்பாளையத்தில் இன்றைக்கு இவ்வளவு பெரிதாக நிற்கிறதே, அதுதான். சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை ஜெயிலுக்கும் போய்வந்தார். ஆக பள்ளிக்கூடம் முதலில், பதவி அப்புறம். 1935 முதல் 1945 வரை மத்திய சட்டசபையில் இருந்தார் (அன்றைக்கு எல்லாருக்கும் ஓட்டு கிடையாது, அது வேறு விஷயம்). 1952இல் திருப்பூர் தொகுதியிலிருந்து மக்களவைக்கு வந்தார், 1958 முதல் 1964 வரை மாநிலங்களவை. இப்போது சம்விதான் சதன் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறார்களே, அந்தப் பழைய நாடாளுமன்ற வட்டக் கட்டடத்தில் வெள்ளைக்காரன் காலத்திலும் உட்கார்ந்தார், நேரு காலத்திலும் உட்கார்ந்தார்.

நடுவில் மூன்று வருஷம் போல சென்னை மாகாணத்தில் கல்வி அமைச்சர். அவர் பெயர் இன்றைக்கும் கொஞ்சமாவது அடிபடுகிறதென்றால் அந்த மூன்று வருஷத்தால்தான். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழில் பாடம் நடத்த வேண்டும் என்று நின்றார், திருக்குறளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார், பாரதி எழுத்துகளின் உரிமையை அரசே எடுத்துக்கொள்ளும் என்று 1949இல் சட்டசபையில் அறிவித்தவரும் அவர்தான். அதே ஆள்தான் 1948இல் பள்ளிகளில் இந்தியையும் கொண்டுவந்தார், அதற்கு பெரியாரும் அண்ணாவும் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தில்லியில் பிள்ளைகளை வளர்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தி அவ்வளவு பெரிய பூதமாகத் தெரியாது, ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் அதைக் கட்டாயமாக்குவது வேறு, அங்கே அவர் செய்தது தப்புதான் என்பது என் கட்சி. தமிழுக்கு இவ்வளவு செய்தவர் அதையும் எப்படிச் செய்தார் என்று கேட்டால் பாதிப்பேர் அவரைத் திட்டுவார்கள், பாதிப்பேர் பேச்சை மாற்றுவார்கள்.

தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும் சொல்ல வேண்டும். அதை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்கு அவர் தலைவர், பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியர், பத்துத் தொகுதிகள். முதல் தொகுதி 1954இல் வந்தபோது அவர் திருப்பூர் எம்.பி., கடைசித் தொகுதி வந்த 1968இல் எந்த அவையிலும் இல்லை. அமைச்சர் பதவி போனதும் கழகத்தை விட்டுவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1957இல், அந்த தில்லி வருஷங்களுக்கு நடுவிலேயே, கோவையில் பெண்களுக்கு மனையியல் கல்லூரி தொடங்கினார், இன்றைக்கு அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

இவ்வளவும் தெரிகிறது, சரி. ஆனால் மூன்று பதவிக்காலமும் சேர்த்து இருபது வருஷத்துக்கு மேல் தில்லியில் உறுப்பினராக இருந்தவர் அங்கே என்ன பேசினார், எந்த மசோதாவை எதிர்த்தார், ஆரம்பப் பள்ளிக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி யாரோடு மல்லுக்கு நின்றார் என்று இங்கே கரோல்பாக்கிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ தமிழர்கள் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. அது தெரியாமல் கல்வியாளர் நாடாளுமன்றத்துக்குப் போனால் பயன் உண்டா இல்லையா என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. நீங்களோ சொல்லிவிட்டீர்கள்!

அவை நடவடிக்கைகள் எல்லாம் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் தில்லி நிருபர் ஒருவரை உட்காரவைத்து 1952 முதல் 1957 வரை அவர் மக்களவையில் பேசியதை மட்டுமாவது எடுத்துத் தமிழில் போடுங்கள். அதைப் படித்த பிறகும் அலங்காரம்தான் என்று தோன்றினால் தாராளமாக எழுதுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கரோல்பாக், புது தில்லி