பழைய பட்டைக் கவுனாக்கும் முன்

ஆசிரியருக்கு,

பீரோவில் கிடக்கும் காஞ்சிபுரம் பட்டுப்புடவையைக் கவுனாகவும் பாவாடையாகவும் தைத்து உடுத்துவது பரவியிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் நாலு தடவை உடுத்துவதற்குள் கிழிகிறது. பழி பட்டின் மேல் விழுகிறது. தவறு பெரும்பாலும் தையலில்.

வெட்டும் முன் புடவையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த இடத்தில் இழை விட்டிருந்தால் கோடாகத் தெரியும். அந்தக் கோடு இடுப்பிலோ கையிடுக்கிலோ வரக்கூடாது. கோர்வைப் புடவையில் உடலுக்கும் இரு கரைக்குமாக மூன்று நாடா (தறியில் குறுக்கு நூலைக் கொண்டோடும் கருவி) ஓட்டி, ஊடைகளை, அதாவது குறுக்கிழைகளை, ஒன்றோடொன்று கோத்து நெய்திருப்பார்கள். அவ்வளவு உழைத்துச் சேர்த்த அந்த இணைப்பில் இழுப்பு விழும்படி வெட்டவே கூடாது.

உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கட்டாயம். லைனிங் துணியை நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். அது பட்டைவிடச் சுற்றளவில் அரை அங்குலம் குறைந்தால் உடலின் இழுப்பை லைனிங் தாங்கிக்கொள்ளும். தையலுக்கு ஒரு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். கால் அங்குலத்தில் தைத்தால் இழை நழுவி, தையல் வாய் பிளக்கும். முந்தானையை மட்டும் வெட்டாமல் துப்பட்டாவாக வைத்துக்கொள்ளுங்கள்.

– வாசகர், காஞ்சிபுரம்