இருபது வருடம் ஒரே அணி: விலகும் பயிற்சியாளர் அடுத்து எங்கே போக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பத்து, இருபது வருடம் ஒரே அணியோடு இருந்த கால்பந்துப் பயிற்சியாளர் விலகுகிறார் என்ற செய்தி வந்தால், மறுநாளே "அடுத்து எந்த கிளப்?" என்ற ஊகம் விளையாட்டுப் பக்கங்களை நிரப்பிவிடுகிறது. நான்கு பெரிய கிளப்புகளின் பெயர், ஒரு தேசிய அணியின் பெயர், ஒரு சம்பளத் தொகை. அதற்கு மேல் எதுவும் இருப்பதில்லை. ஒப்பந்தப்படி அவர் எப்போது வேறு வேலைக்குப் போகலாம், உடன் யார் யார் போவார்கள், எந்த மாதத்தில் பொறுப்பேற்பார், வீரர்களை வாங்குவதில் அவர் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பிருக்கும் என்பதை எழுதுவாரில்லை. அடுத்த வேலை உருப்படுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இவைதான்.

ஒரே இடத்தில் நெடுங்காலம் இருப்பவரின் திறமையில் பாதி அவரைச் சுற்றியுள்ள அமைப்பில் இருக்கிறது. எப்படிப்பட்ட பின்கள வீரர் வேண்டும் என்பது வீரர்களைத் தேடி ஊர் ஊராகப் போகும் ஆட்களுக்கு அவர் சொல்லாமலே தெரியும். பதினாறு வயதினர் அணியும் முதல் அணியின் அதே அடுக்கில் ஆடும். யாருக்கு எந்தத் தசை அடிக்கடி இழுக்கும் என்று மருத்துவர் கைவசம் பத்து வருடக் குறிப்பு இருக்கும். அவர் பாதி வாக்கியம் சொன்னால் மீதியை உதவியாளர் முடிப்பார். புதிய கிளப்பில் இதில் ஒன்றும் இருக்காது. பிரான்ஸின் ஓசேர் அணிக்கு 1961-இல் வந்த கி ரூ, சில இடைவெளிகள் தவிர 2005 வரை அங்கேயே இருந்தார். சிறிய ஊரின் அணியைக் கீழ்மட்டத்திலிருந்து தூக்கி 1996-இல் லீக், கோப்பை இரண்டையும் வெல்ல வைத்தவர். அவரே 2007-இல் லான்ஸ் அணியில் பொறுப்பேற்று, சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே விலகிவிட்டார். அறிவு குறைந்ததால் நேர்ந்ததல்ல இது. அந்த அறிவு ஓசேரின் மண்ணில் வேர் விட்டிருந்தது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உடன் போகும் ஆட்களை. ஒரு தலைமைப் பயிற்சியாளருக்கு முதல் உதவியாளர், உடல்தகுதிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் பயிற்சியாளர், வீடியோ பகுப்பாய்வாளர், கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றுக்குத் தனியாக ஒருவர் என நான்கு முதல் ஆறு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பழைய கிளப்போடு தனி ஒப்பந்தம் உண்டு. தலைவர் விலகினால் இவர்கள் தாமாக விடுபட்டுவிட மாட்டார்கள். ஒவ்வொருவரையும் விடுவிக்கப் புதிய கிளப் தனித்தனியே பேச வேண்டும், தேவையானால் பணமும் தர வேண்டும். இந்தப் பேச்சு முடியாமல் தலைமைப் பயிற்சியாளர் மட்டும் கையெழுத்துப் போட்டால், அறிமுகமில்லாத உதவியாளர்களோடு அறிமுகமில்லாத வீரர்களைப் பழக்க வேண்டிவரும். முதல் மூன்று மாதத் தோல்விகளுக்கு இது ஒன்றே போதும்.

பழைய கிளப்பின் பக்கமிருந்தும் இதே பிரச்சினை உண்டு. 1986 நவம்பர் முதல் மான்செஸ்டர் யுனைடெட்டில் இருந்து 13 லீக் பட்டங்கள் வென்ற அலெக்ஸ் ஃபெர்குசன், 2013 மே மாதம் ஓய்வை அறிவித்தார். மறுநாளே டேவிட் மோயஸ் ஆறு வருட ஒப்பந்தத்தில் அறிவிக்கப்பட்டார். ஆனால் வீரர்களை வாங்கும் பேரங்களை நடத்திவந்த தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் போனார். ஃபெர்குசனின் உதவியாளர்கள் மைக் ஃபெலன், ரெனே மியூலன்ஸ்டீன், கோல்கீப்பர் பயிற்சியாளர் எரிக் ஸ்டீல் ஆகியோரும் வெளியேற, மோயஸ் தன் ஆட்களை அழைத்துவந்தார். ஜூலை முதல் தேதிதான் அவர் பொறுப்பேற்றார். கோடையில் வந்த ஒரே பெரிய வீரர் ஃபெலைனி, அதுவும் கடைசி நாளில். 2014 ஏப்ரலில் மோயஸ் நீக்கப்பட்டார். முந்தைய சீசனின் சாம்பியன் ஏழாவது இடத்தில் முடித்தது. மோயஸின் மேல் பழியைப் போடுவது எளிது. ஆனால் பயிற்சியாளர், உதவியாளர்கள், பேரம் பேசுபவர் மூவரையும் ஒரே கோடையில் மாற்றிய வீட்டில் யார் வந்தாலும் திணறியிருப்பார்.

அடுத்தது ஒப்பந்தம். தானே விலகினாரா, நீக்கப்பட்டாரா, காலம் முடிந்து போனாரா என்பதைச் செய்தியில் தெளிவாகச் சொல்வது மிக அவசியம். தானே விலகியவருக்குப் பொதுவாக இழப்பீடு கிடையாது. காலம் மீதமிருக்கும்போது விலகினால், அவரை எடுக்கும் கிளப் பழைய கிளப்புக்குப் பணம் கட்ட வேண்டியும் வரலாம். சில ஒப்பந்தங்களில், அறிவிப்புக் காலம் முழுக்கச் சம்பளம் வரும், ஆனால் வேறு அணியில் சேர முடியாது. வெளிநாட்டுப் பயிற்சியாளர்களின் ஒப்பந்தத் தகராறுகளுக்கு 2021 முதல் ஃபிஃபா தனி விதிகள் வைத்திருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால் பயிற்சியாளர் எழுத்து மூலம் கேட்டு, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் வராவிட்டால் தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். தக்க காரணமின்றி நீக்கப்பட்டால், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதபோது, மீதிக் காலச் சம்பளம் முழுவதும் இழப்பீடாகக் கணக்கிடப்படும். ஆனால் அந்தக் காலத்துக்குள் புதிய வேலையில் சேர்ந்துவிட்டால், அங்கே பெறும் சம்பளம் இதிலிருந்து கழிக்கப்படும். நீக்கப்பட்ட பயிற்சியாளர் ஏன் சில மாதம் எந்த அழைப்பையும் ஏற்காமல் இருக்கிறார் என்று ரசிகர்கள் வியக்கிறார்கள். பல சமயம் இந்தக் கணக்கும் அதற்கு ஒரு காரணம். ஃபிஃபாவிடம் வழக்குத் தொடுக்க இரண்டு வருட வரம்பு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

ஓய்வு பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்சிலோனாவில் நான்கே வருடம் இருந்த பெப் கார்டியோலா 2012-இல் விலகி, ஒரு முழு வருடம் நியூயார்க்கில் இருந்துவிட்டுத்தான் 2013-இல் பயர்ன் மியூனிக்குக்குப் போனார். இருபது வருடம் இருந்தவருக்கு அதைவிடக் குறைந்த இடைவெளி போதும் என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்த ஒரு வருடத்தில் அவர் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. போகப்போகும் நாட்டின் மொழியை, இடைவேளைப் பேச்சை மொழிபெயர்ப்பாளரின்றிப் பேசும் அளவுக்காவது கற்க வேண்டும். இரண்டாம் நிலை லீக் போட்டிகளை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி பந்தைத் தொடர்கிறது, பந்தில்லாத ஒன்பது பேர் என்ன செய்கிறார்கள் என்பதை மைதானத்தில்தான் காண முடியும். உரிமத்தையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏ தரும் உயர்நிலைப் பயிற்சியாளர் உரிமமான ப்ரோ உரிமம் மூன்று வருடமே செல்லும். புதுப்பிக்க அந்தக் காலத்துக்குள் குறைந்தது 15 மணி நேரத் தொடர்பயிற்சி முடித்திருக்க வேண்டும். நெடுநாள் வீட்டிலிருப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

திரும்பி வருவதானால் கோடையில் வர வேண்டும். சீசனின் நடுவில் வரும் அழைப்பை இப்படிப்பட்டவர் ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் பயிற்சி நாட்களின் கணக்கு. சனிக்கிழமை போட்டி என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு, முந்தைய நாள் ஆடியவர்களுக்கு சைக்கிள், நீச்சல்குளம் என்று உடலைத் தேற்றும் வேலை; ஆடாதவர்களுக்கு மட்டும் சிறு ஆட்டம். திங்கள் விடுமுறை. செவ்வாய், சிறிய இடத்தில் நாலுக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து. நின்று திரும்பிப் பாயும் வலுப் பயிற்சி. புதன், பெரிய மைதானத்தில் பத்துக்குப் பத்து. புதிதாக எதையும் கற்பிக்க மிக ஏற்ற நாள் இதுதான். வியாழன் வேகம், அளவு குறைவு. வெள்ளி 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை, கார்னர், ஃப்ரீ கிக். ஆக வாரத்துக்குச் செவ்வாய், புதன் என இரண்டே கற்பிக்கும் நாள். வார நடுவில் ஐரோப்பியப் போட்டியோ கோப்பைப் போட்டியோ வந்தால் அந்த இரண்டும் போய்விடும். அதன்பின் மிஞ்சுவது தேற்றலும் கார்னரும் மட்டுமே. சீசனுக்கு முந்தைய ஐந்து, ஆறு வாரங்கள் கிடைத்தால்தான் எதிரணி பந்தை எடுத்ததும் ஐந்து பேரும் சேர்ந்து பாயும் பழக்கத்தைக் கால்களில் ஏற்ற முடியும். அந்தப் பழக்கம் இல்லாத அணியைப் பாயச் சொன்னால் முதல் இருவர் பாய்வார்கள், மூன்றாமவர் தயங்குவார், அந்த இடைவெளியில் கோல் விழும்.

"தேசிய அணிக்குப் போகலாமே, வேலை குறைவு" என்று சிலர் எழுதுகிறார்கள். வேலை குறைவுதான், ஆனால் அது வேறு வேலை. சர்வதேசப் போட்டிகளுக்கான வழக்கமான இடைவெளி திங்கள் முதல் அடுத்த செவ்வாய் வரை ஒன்பது நாள், இரண்டு போட்டி. ஞாயிறு கிளப்புக்கு ஆடியவர் திங்கள் வந்து சேர்வார். செவ்வாய் லேசான ஓட்டம். புதன் ஒரு முழுப் பயிற்சி. வியாழனோ வெள்ளியோ போட்டி. மீண்டும் தேற்றல், ஒரு பயிற்சி, இரண்டாவது போட்டி. ஒரு இடைவெளியில் முழுப் பயிற்சி என்று சொல்லத்தக்கவை இரண்டோ மூன்றோதான். பெரிய போட்டித் தொடர் இல்லாத வருடத்தில் மொத்தம் இருபதைத் தாண்டுவது அரிது. 2026 முதல் செப்டம்பர், அக்டோபர் இடைவெளிகள் ஒன்றாகி நான்கு போட்டிகள் கொண்டதாக மாறுவது சற்று ஆறுதல். தினமும் மைதானத்தில் நின்று திருத்தித் திருத்திச் சிற்பம் செதுக்குவது போல் வேலை செய்பவருக்கு இது பட்டினி. ஆள் தேர்விலும், தற்காப்பு அமைப்பிலும், வீரர்களின் மனத்தைப் படிப்பதிலும் கைதேர்ந்தவருக்குப் பொருந்தும். விலகியவர் எந்த வகை என்று தெரியாமல் தேசிய அணியைச் சிபாரிசு செய்வது அவருக்கும் நல்லதல்ல, அணிக்கும் நல்லதல்ல.

பழைய கிளப்பிலேயே இயக்குநராகவோ ஆலோசகராகவோ இருக்கச் சொல்வதுதான் பெரிய ஆபத்து. நன்றியுணர்வில் செய்வது இது, விளைவு கொடியது. மேட் பஸ்பி 1945 முதல் 1969 வரை மான்செஸ்டர் யுனைடெட்டை நடத்தி, பின் பொது மேலாளராக அங்கேயே தங்கினார். அணியை ஏற்ற வில்ஃப் மெக்கின்னஸுக்கு வயது 31; வீரர்களில் சிலர் அவர் வயதொத்தவர்கள். மனக்குறை உள்ளவர் பஸ்பியின் அறைக் கதவைத் தட்டினால் போதும் என்ற நிலையில் புதியவரின் சொல் எடுபடவில்லை. 1970 டிசம்பரில் பஸ்பியே மீண்டும் அணியை ஏற்க வேண்டியதாயிற்று. 1974-இல் அந்த அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அதே 1974-இல் லிவர்பூலை விட்டு விலகிய பில் ஷாங்க்லி, பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார். வீரர்கள் அவரையே "பாஸ்" என்று அழைத்தார்கள். கடைசியில் கிளப் அவரை வர வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. நெஞ்சை வருத்தும் முடிவு அது. ஆனால் அடுத்து வந்த பாப் பெய்ஸ்லி ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆர்சென் வெங்கர் இதைப் புரிந்து நடந்தார். 1996 முதல் 2018 வரை ஆர்செனலில் இருந்தவர், 2003–04 லீக் சீசனின் 38 போட்டிகளிலும் தோற்காத அணியைத் தந்தவர், விலகியபின் ஆர்செனலின் மைதானத்துக்கு 2022 டிசம்பர் வரை போகவில்லை. ஒன்றரை வருட இடைவெளிக்குப் பின், 2019 நவம்பரில், ஃபிஃபாவில் உலகக் கால்பந்து வளர்ச்சிப் பொறுப்பை ஏற்றார். புவனேஸ்வரத்தில் 2023-இல் தொடங்கிய ஃபிஃபா அகாடமிக்கு அவர் வந்தது அந்தப் பொறுப்பில்தான். வாரா வாரம் முடிவு கேட்காத வேலை, ஆனால் இளம் வீரர்களைக் கண்டெடுத்து வளர்த்த அவருடைய அனுபவம் முழுவதையும் பயன்படுத்தும் வேலை. யூர்கன் க்ளோப்பும் ஒன்பது சீசன்களை லிவர்பூலில் முடித்துவிட்டு, 2025 ஜனவரியில் ரெட் புல் நிறுவனத்தின் பல கிளப்புகளை மேற்பார்க்கும் பொறுப்புக்குப் போனார். ஊகப் பட்டியல்களில் இப்படிப்பட்ட வேலைகளையும் சேர்க்க வேண்டும்.

எப்போது அறிவிப்பது என்பதில் ஒரே விதி இல்லை. 2001–02 சீசனோடு விலகப்போவதாக ஃபெர்குசன் முன்கூட்டியே சொன்னார், அணி தளர்ந்தது, நடுவில் முடிவை மாற்றினார், அணி மூன்றாவது இடத்தில் முடித்தது. க்ளோப் 2024 ஜனவரி 26 அன்று அறிவித்தார். அணி லீக் கோப்பை என்ற தனிப் போட்டியை வென்றது, லீக்கில் மூன்றாவது. ஆனால் கிளப்புக்கு ஆள் தேட நான்கு மாதம் கிடைத்தது. வந்த ஆர்னே ஸ்லாட் அணியை அதிகம் கலைக்காமல் அடுத்த சீசனிலேயே லீக் பட்டம் வென்றார். இளம் வீரர்கள் நிறைந்த அணியில் முன்கூட்டிச் சொல்வது தளர்ச்சி தரலாம். கட்டமைப்பு வலுவான கிளப்பில் அதன் பலன் அதிகம்.

போகும்போது ஒப்படைக்க வேண்டிய கோப்பு ஒன்று உண்டு: ஒவ்வொரு வீரரின் காயக் குறிப்பு, தாங்கக்கூடிய பயிற்சி அளவு, ஒப்பந்தம் முடியும் தேதி, இளையோரில் யாருக்கு எத்தனை நிமிடம் ஆடக் கொடுக்கத் திட்டமிருந்தது என்பவை. இவற்றைவிட முக்கியம், எழுத்தில் இல்லாத வாக்குறுதிகள். "அடுத்த வருடம் உன்னைப் போகவிடுகிறேன்", "பெனால்டி உனக்குத்தான்" என்று பழையவர் சொல்லியிருப்பார். புதியவருக்கு அது தெரியாது. செப்டம்பரில் டிரெஸ்ஸிங் ரூமில் வெடிக்கும் சண்டைகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

இனி ஒரு பெரிய பயிற்சியாளர் விலகும்போது தங்கள் நாளிதழ், கிளப்புகளின் பெயர்ப் பட்டியலோடு ஒரு சிறிய பெட்டிச் செய்தியும் வெளியிட வேண்டுகிறேன். ஒப்பந்தம் முடியும் தேதி, விலகலா நீக்கமா, உதவியாளர்களில் யார் போகிறார்கள், யார் தங்குகிறார்கள், வீரர்களை வாங்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்ற நான்கு விவரம் அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர் ஒருவர்